சிவப்பு விளக்கில் நிற்காமல் செல்ல எந்த வேகம் சரி? 'பச்சை அலை' சிக்னல்களும் வேக அறிவுரையும் இந்தியச் சாலைகளில் பலன் தருமா? - ஒரு விரிவான பார்வை

புதுடெல்லி: ஒரு சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்தவுடன் சீறிப் புறப்படும் வாகனம், அடுத்த சந்திப்பில் சிவப்பு விளக்கின் முன்னால் நின்று கொண்டிருக்கும். பின்னால் நிதானமாக வந்த வாகனமோ, விளக்கு பச்சையாக மாறும் நேரத்தில் அங்கு வந்து சேர்ந்து, நிற்காமலேயே கடந்து சென்றுவிடும். நகரச் சாலைகளில் அன்றாடம் காணப்படும் இந்தக் காட்சியில்தான் சிக்னல் ஒருங்கிணைப்பு என்ற தொழில்நுட்பத்தின் அடிப்படை அடங்கியுள்ளது.

சிக்னல்களை ஒன்றோடொன்று இணைத்து இயக்குவதுடன், அடுத்த பச்சை விளக்கைப் பிடிக்க எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதே இதன் அடுத்த கட்டமாகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில நகரங்களில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் பெங்களூரு, கொல்கத்தா, ஹைதராபாத் போன்ற நகரங்கள் சிக்னல் நேரங்களைத் தரவுகளின் அடிப்படையில் திருத்தி அமைக்கத் தொடங்கியுள்ள நிலையில், இந்தத் தொழில்நுட்பம் எவ்வாறு செயல்படுகிறது, இந்தியச் சாலைகளுக்கு இது பொருந்துமா, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பன குறித்து விரிவாகப் பார்ப்போம்.

பச்சை அலை என்றால் என்ன?

போக்குவரத்து சிக்னலின் வரலாறு 1868-ல் லண்டனில் தொடங்குகிறது. நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே நிறுவப்பட்ட அந்த முதல் சிக்னல், எரிவாயு விளக்கால் இயங்கியது. மின்சார சிக்னல்கள் வந்த பிறகு, 1917-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஆறு சந்திப்புகளின் விளக்குகள் முதன்முறையாக ஒன்றாக இணைக்கப்பட்டு, ஒரே இடத்திலிருந்து இயக்கப்பட்டன. ஒருங்கிணைந்த சிக்னல் என்ற எண்ணம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது.

ஒரு சாலையில் அடுத்தடுத்து வரும் சிக்னல்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் பச்சையாக மாறுவது ஒருங்கிணைப்பு ஆகாது. முதல் சிக்னலில் புறப்பட்ட வாகனங்கள் இரண்டாவது சிக்னலை அடையும் நேரத்தில் அங்கு பச்சை எரிய வேண்டும். அங்கிருந்து மூன்றாவதை அடையும் நேரத்தில் அங்கும் பச்சை எரிய வேண்டும். வாகனக் கூட்டத்துடன் சேர்ந்து பச்சை விளக்கும் ஒரு அலைபோல முன்னே நகர்ந்து செல்வதால் இதற்குப் 'பச்சை அலை' என்று பெயர்.

ஒரு எளிய கணக்கு:

இரண்டு சிக்னல்களுக்கு இடையே 500 மீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் இந்தத் தூரத்தைக் கடக்க 45 விநாடிகள் ஆகும். எனவே முதல் சிக்னல் பச்சையான 45-வது விநாடியில் இரண்டாவது சிக்னல் பச்சையாக வேண்டும். இந்த நேர வித்தியாசம்தான் ஒருங்கிணைப்பின் உயிர்நாடி.

இதே சாலையில் ஒருவர் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் சென்றால் 30 விநாடிகளிலேயே அடுத்த சிக்னலை அடைந்துவிடுவார். ஆனால் அங்கு 15 விநாடிகள் காத்திருக்க வேண்டும். இருவரும் சந்திப்பைக் கடப்பது ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். வேகமாகச் சென்றவருக்கு மிச்சமானது எதுவும் இல்லை. எரிபொருளும் பிரேக்கும் தேய்ந்ததுதான் கண்ட பலன். நன்கு ஒருங்கிணைக்கப்பட்ட சாலையில் வேகக் கட்டுப்பாட்டை மீறுவதற்கான காரணமே இல்லாமல் போகிறது என்பதே இதன் முக்கியச் சிறப்பு.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவற்றில் பெரும்பான்மையான உயிரிழப்புகளுக்கு அதிவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. வேகத்தைக் குறைப்பவருக்கு அதற்கான பலனைச் சாலையே உடனடியாகக் காட்டும் ஏற்பாடு என்ற வகையில், பச்சை அலை பாதுகாப்புக்கும் துணை செய்யக் கூடியது.

ஒரு முறை நின்று புறப்பட ஆகும் செலவு:

சிக்னலில் நிற்பது நேரத்தை மட்டும் வீணாக்குவதில்லை. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து முழுமையாக நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. மீண்டும் அதே வேகத்தை எட்ட, எஞ்சினின் திறனைக் கணக்கில் கொண்டால், ஏறத்தாழ 15 முதல் 20 மில்லி லிட்டர் பெட்ரோல் தேவைப்படும். ஒரு பயணத்தில் பத்து முறை இவ்வாறு நின்று புறப்பட்டால், 150 முதல் 200 மில்லி லிட்டர் பெட்ரோல் இதற்கே செலவாகிறது.

ஒப்பிட்டுப் பார்த்தால், சிறிய பெட்ரோல் கார் ஒன்று நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் இயங்க ஆகும் செலவு சுமார் 10 மில்லி லிட்டர்தான். 2020 அக்டோபரில் டெல்லி அரசு, 'ரெட் லைட் ஆன், காடி ஆஃப்' என்ற பெயரில், சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைக்குமாறு வாகன ஓட்டிகளைக் கேட்டுக் கொள்ளும் பிரசாரத்தைத் தொடங்கியது. எஞ்சினை அணைப்பது காத்திருக்கும் நேரத்தின் எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் நின்று புறப்படுவதற்கான பெரும் செலவை அதனால் மிச்சப்படுத்த முடியாது. அதற்கு ஒரே வழி, வாகனம் நிற்காமலேயே செல்லும்படி செய்வதுதான்.

வேக அறிவுரை எவ்வாறு செயல்படுகிறது?

சிக்னல்களை ஒருங்கிணைத்தாலும், எந்த வேகத்துக்காக அவை ஒருங்கிணைக்கப்பட்டுள்ளன என்பது ஓட்டுநருக்குத் தெரியாவிட்டால் முழுப் பலன் கிடைக்காது. இந்தக் குறையைப் போக்க 1950-களில் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில், சந்திப்புக்கு முன்னால் பரிந்துரைக்கப்படும் வேகத்தைக் காட்டும் ஒளிப் பலகைகள் வைக்கப்பட்டன. முன்னதாக வருபவர் வேகத்தைக் குறைத்தும், பின்தங்கியவர் சற்றுக் கூட்டியும், அனைவரும் பச்சை விளக்கின் நேரத்துக்குள் வந்து சேர்வதற்கான ஏற்பாடு அது.

இன்று அதே வேலையைக் காரின் திரை செய்கிறது. 'கிரீன் லைட் ஆப்டிமல் ஸ்பீட் அட்வைசரி' என்பதன் சுருக்கமாக 'குளோசா' என்று இது அழைக்கப்படுகிறது. ஜெர்மனியின் ஆடி நிறுவனம், தனது தலைமையகம் அமைந்துள்ள இங்கோல்ஸ்டாட் நகரில் 2006-ல் இதற்கான சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், சிவப்பு விளக்கு பச்சையாக மாற எத்தனை விநாடிகள் உள்ளன என்பதைக் காரின் திரையில் காட்டும் சேவையை அறிமுகப்படுத்தியது. 2019-ல் வேக அறிவுரையும் இதில் சேர்க்கப்பட்டது. 2020-ன் தொடக்கத்தில் டுசெல்டார்ஃப் நகருக்கும் இந்தச் சேவை விரிவுபடுத்தப்பட்டது.

இதன் கணக்கு மிகவும் எளிதானது. ஒரு கார் சிக்னலிலிருந்து 300 மீட்டர் தொலைவில் மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. சிவப்பு விளக்கு மாற இன்னும் 27 விநாடிகள் உள்ளன. அதே வேகத்தில் சென்றால் கார் 22 விநாடிகளுக்குள் சிக்னலை அடைந்து நிற்க வேண்டியிருக்கும். மணிக்கு 40 கிலோ மீட்டராக வேகத்தைக் குறைத்தால், சரியாக 27 விநாடிகளில், விளக்கு பச்சையாகும் தருணத்தில் சந்திப்பை அடையும்.

சிக்னலின் தற்போதைய நிறம், அது மாறும் நேரம், சந்திப்பின் வரைபடம் ஆகிய மூன்று தகவல்களும் வாகனத்துக்குக் கிடைத்தால் போதும். சிக்னல் கம்பத்தில் உள்ள குறுந்தொலைவு ரேடியோ கருவி மூலமாகவோ, கட்டுப்பாட்டு மையத்திலிருந்து மொபைல் இணையம் வழியாகவோ இத்தகவல்கள் அனுப்பப்படுகின்றன. இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. சட்டப்படியான வேக வரம்பைத் தாண்டும் அறிவுரை ஒருபோதும் தரப்படக் கூடாது. பின்னால் வருபவருக்கு இடையூறாகும் அளவுக்கு மிகக் குறைந்த வேகத்தையும் பரிந்துரைக்கக் கூடாது.

கார்களுக்கு மட்டுமே உரிய தொழில்நுட்பம் அல்ல இது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள்களுக்காகச் சில முக்கியச் சாலைகளின் சிக்னல்கள் ஒருங்கிணைக்கப்பட்டுள்ளன. யாருடைய வேகத்துக்காகச் சிக்னலை அமைப்பது என்பதை அந்த நகரம்தான் முடிவு செய்கிறது.

இந்திய நகரங்களில் நடப்பது என்ன?

இந்தியாவில் சிக்னல் வடிவமைப்புக்கான வழிகாட்டு நெறிகளை இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1985-ல் வெளியிட்டது. ஆனால் பெரும்பாலான நகரங்களில், ஒரு முறை நிர்ணயிக்கப்பட்ட சிக்னல் நேரங்கள் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் இருப்பதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. காலை நெரிசலுக்கும் நள்ளிரவுக்கும் ஒரே நேர அளவு என்ற நிலை பல சந்திப்புகளில் இன்றும் தொடர்கிறது.

இந்நிலையில், மத்திய அரசின் மேம்பட்ட கணினி மேம்பாட்டு மையமான சி-டாக், இந்தியாவின் கலப்புப் போக்குவரத்தைக் கருத்தில் கொண்டு 'கோசிகாஸ்ட்' என்ற சிக்னல் கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கியது. கேமரா உணரிகள் மூலம் வாகன வரத்தைக் கணித்து, பச்சை விளக்கின் நேரத்தைத் தானாகக் கூட்டவும் குறைக்கவும் கூடியது இது. பெங்களூருவில் 165 சந்திப்புகளை உள்ளடக்கிய தகவமைப்புச் சிக்னல் திட்டத்துக்கு இந்த மென்பொருளே அடிப்படையாகும். அதே நகரின் மையப் பகுதியில், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் உதவியுடன் 'மாடராட்டோ' என்ற ஜப்பானியத் தொழில்நுட்பமும் பயன்படுத்தப்படுகிறது.

கூகுள் நிறுவனத்தின் 'கிரீன் லைட்' திட்டம் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. சாலையில் புதிய கருவி எதையும் பொருத்தாமல், வரைபடச் செயலியில் பதிவாகும் வாகன ஓட்டத் தரவுகளைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ஆராய்ந்து, சிக்னல் நேரத்தில் செய்ய வேண்டிய சிறு திருத்தங்களை அது பரிந்துரைக்கிறது. 2023 அக்டோபர் நிலவரப்படி, உலகின் 12 நகரங்களில் 70 சந்திப்புகளில் இது செயல்பாட்டில் இருந்தது. கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய இந்திய நகரங்களும் அவற்றில் அடங்கும். வாகனங்கள் நின்று செல்வது 30 சதவீதம் வரையிலும், சந்திப்புகளில் வாகனப் புகை உமிழ்வு 10 சதவீதம் வரையிலும் குறையக் கூடும் என்பதைத் தொடக்கக் கட்டத் தரவுகள் காட்டுவதாக அந்நிறுவனம் அப்போது தெரிவித்தது.

இவை அனைத்தும் சிக்னலைத் திருத்தும் முயற்சிகள். ஓட்டுநரிடம் தகவலைக் கொண்டு சேர்க்கும் முயற்சியாக, 2025-ல் பெங்களூரு போக்குவரத்துக் காவல் துறையுடன் இணைந்து, இந்திய வரைபடச் செயலியான 'மேப்பிள்ஸ்' அந்நகர சிக்னல்களின் மீதமுள்ள நேரத்தை நேரலையாகக் காட்டத் தொடங்கியது. வேக அறிவுரைக்குத் தேவையான முதல் படி இதுவே.

கவுண்ட்டவுன் பலகையும் அறிவுரைதான்:

ஒரு வகையில், இந்திய ஓட்டுநர்களுக்கு இந்தத் தகவல் புதியதல்ல. சிக்னல் கம்பங்களில் விநாடிகளை எண்ணிக் காட்டும் கவுண்ட்டவுன் பலகைகள் பல நகரங்களில் நீண்ட காலமாக உள்ளன. சிவப்பு விளக்கில் நிற்பவர் எஞ்சினை அணைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்ய அவை உதவுகின்றன.

ஆனால் அதே பலகை வேறு விதமாகவும் பேசுகிறது. பச்சை விளக்கில் 'ஐந்து' என்ற எண்ணைத் தொலைவிலிருந்து காண்பவர், அதைப் பிடித்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டுகிறார். சிவப்பு விளக்கில் 'மூன்று' என்ற எண் தோன்றியவுடனேயே முன்வரிசை இருசக்கர வாகனங்கள் நகரத் தொடங்கிவிடுகின்றன. குறுக்குச் சாலையிலிருந்து கடைசி நேரத்தில் ஒருவர் வேகமாக வருவதும், இந்தப் பக்கம் ஒருவர் முன்கூட்டியே புறப்படுவதும் ஒரே விநாடியில் நிகழ்ந்தால் அங்கு விபத்து நேர்கிறது.

வேக அறிவுரை இதிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். 'இன்னும் ஐந்து விநாடிகள்' என்று சொல்லி முடிவை ஓட்டுநரிடம் விடுவதற்குப் பதிலாக, 'நாற்பதில் வாருங்கள், அடுத்த பச்சை கிடைக்கும்' என்று அது சொல்கிறது. அவசரத்தைத் தூண்டும் தகவலுக்கும் நிதானத்தைத் தரும் தகவலுக்கும் உள்ள வேறுபாடு இது.

தகவமைப்புச் சிக்னலும் முன்கணிப்பும் - ஒரு முரண்:

இங்குதான் ஒரு முக்கியச் சிக்கல் எழுகிறது. வேக அறிவுரை வழங்க வேண்டுமெனில், சிக்னல் எப்போது மாறும் என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரிய வேண்டும். ஆனால் தகவமைப்புச் சிக்னலின் சிறப்பே, அந்தந்த நேர வரத்துக்கு ஏற்ப அது தன் நேரத்தை மாற்றிக் கொள்வதுதான். 27 விநாடிகள் என்று ஓட்டுநருக்குச் சொன்ன பிறகு, குறுக்குச் சாலையில் வாகனங்கள் இல்லை என்று 15-வது விநாடியிலேயே சிக்னல் பச்சையானால் அந்த அறிவுரை பொய்த்துவிடும். தகவமைப்பு முறைக்கு மாறும் சந்திப்புகளில் கவுண்ட்டவுன் பலகையைப் பழையபடி நம்ப முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

நேரத்தை உறுதியாகச் சொல்வதற்குப் பதிலாக எவ்வளவு நிகழ்தகவுடன் மாறும் என்று கணிப்பதும், மாற்றத்துக்குக் குறிப்பிட்ட விநாடிகளுக்கு முன்பே சிக்னல் தன் முடிவை உறுதி செய்துவிடுவதும் இதற்கான தீர்வுகளாகக் கையாளப்படுகின்றன. எனினும், நெரிசல் மிகுந்த நேரங்களில் போக்குவரத்துக் காவலர் சிக்னலைக் கையால் இயக்கும் சந்திப்புகளில் எந்த மென்பொருளின் கணிப்பும் பலிக்காது.

சாலை நிறையப் பல வேகங்கள்:

பச்சை அலைக்கு அடிப்படை, வாகனங்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து நகர்வது. ஆனால் சிக்னலைக் கடந்த பின் அந்தக் கூட்டம் மெல்லச் சிதறும். 1960-களில் பிரிட்டன் ஆய்வாளர் டென்னிஸ் ராபர்ட்சன் இந்தச் சிதறலைக் கணக்கில் கொண்டு 'டிரான்சிட்' என்ற கணினி முறையை உருவாக்கினார். ஒரே வகை வாகனங்கள் தடம் மாறாமல் செல்லும் சாலையில் சிதறல் குறைவு. இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். அவற்றுடன் ஆட்டோ, கார், பேருந்து, சரக்கு வாகனம் என அனைத்தும் ஒரே தடத்தில் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. எனவே சிக்னல்களுக்கு இடையிலான தூரம் அதிகரிக்க அதிகரிக்க, பச்சை அலையின் பலன் இங்கு விரைவாகக் குறைந்துவிடும்.

பேருந்தின் நிலை இன்னும் கடினம். இரண்டு சிக்னல்களுக்கு இடையே ஒரு நிறுத்தத்தில் அரை நிமிடம் நின்றால், கார்களுக்காக அமைக்கப்பட்ட அலையை அது தவறவிட்டுவிடும். ஒரு பேருந்தில் 60 பேர் பயணிக்கும்போது, அதை நிறுத்திவிட்டு ஒருவர் மட்டும் செல்லும் காருக்குப் பச்சை காட்டுவது வாகனக் கணக்கில் லாபமாகத் தோன்றினாலும், மனிதர்கள் கணக்கில் நஷ்டமே.

இருவழிச் சாலையில் மற்றொரு தடை உண்டு. மேலே கண்ட 500 மீட்டர் எடுத்துக்காட்டில், எதிர்த்திசையில் வரும் வாகனமும் இரண்டாவது சிக்னலிலிருந்து முதல் சிக்னலுக்கு வர 45 விநாடிகள் எடுத்துக் கொள்ளும். சிக்னலின் முழுச் சுழற்சி 90 விநாடிகளாக இருந்தால் இரு திசைகளுக்கும் பச்சை பொருந்தும். அது 120 விநாடிகளாக இருந்தால், எதிர்த்திசையில் வருபவர் 30 விநாடிகள் காத்திருக்க நேரிடும். அடுத்தடுத்த சந்திப்புகளின் தூரம் 300 மீட்டர், 700 மீட்டர் என மாறி மாறி அமையும் நகரச் சாலைகளில் இரு திசைகளுக்கும் ஒருசேரப் பச்சை அலை அமைப்பது அரிது. அதனால்தான் காலையில் நகருக்குள் வரும் திசைக்கும், மாலையில் வெளியேறும் திசைக்கும் முன்னுரிமை தரப்படுகிறது. ஒருவழிச் சாலைகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சாலையின் கொள்ளளவு நிரம்பிவிட்டால் பச்சை அலையும் வேக அறிவுரையும் பலனளிக்காது. அடுத்த சந்திப்பின் வரிசை இந்தச் சந்திப்பு வரை நீண்டு நிற்கும்போது, பச்சை எரிந்தும் வாகனம் நகர இடமிருக்காது. ஒருங்கிணைப்பு என்பது இருக்கும் சாலையை நன்கு பயன்படுத்தும் வழியே தவிர, இல்லாத சாலையை உருவாக்கும் வழி அல்ல.

நடந்து செல்பவரின் கணக்கு:

வாகனங்களின் பார்வையில் மட்டும் சிக்னலை வடிவமைத்தால், அதன் விலையைக் கொடுப்பவர் பாதசாரி. ஒவ்வொரு முறை விளக்கு மாறும்போதும் சில விநாடிகள் வீணாவதால், அதிக வாகனங்களைக் கடத்த வேண்டுமெனில் சுழற்சி நேரத்தை நீட்டிப்பது பொறியாளர்களுக்கு எளிய வழி. 120 விநாடிச் சுழற்சியில் பாதசாரிக்கு 15 விநாடிகள் ஒதுக்கப்பட்டால், அதைத் தவறவிட்டவர் 105 விநாடிகள் வெயிலில் நிற்க வேண்டும். அவ்வளவு நேரம் காத்திருக்க மனமில்லாதவர், வாகனங்களுக்கு இடையே ஓடிக் கடக்க முயல்கிறார்.

அந்த 15 விநாடிகளாவது போதுமா என்பதும் கேள்விக்குரியது. விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 15 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க பன்னிரண்டரை விநாடிகள் ஆகும். விநாடிக்கு 0.8 மீட்டர் மட்டுமே நடக்க முடிந்த முதியவருக்கு அதே சாலை ஏறத்தாழ 19 விநாடிகள். அவர் நடுச்சாலையில் இருக்கும்போதே விளக்கு மாறிவிடும். அந்த நேரத்தில், 'பச்சை கிடைக்கும்' என்ற அறிவுரையை நம்பி வேகம் குறையாமல் வரும் வாகனம் அவருக்குக் கூடுதல் ஆபத்தாகும்.

எனவே, பச்சை அலையை எந்த வேகத்துக்கு அமைப்பது என்பது வெறும் பொறியியல் முடிவு அல்ல. பள்ளிகளும் சந்தைகளும் மருத்துவமனைகளும் உள்ள சாலையில் அலையின் வேகத்தை மணிக்கு 30 கிலோ மீட்டராக நிர்ணயித்தால், அந்தச் சாலையில் 50-ல் செல்வதால் யாருக்கும் பயனில்லை என்ற நிலை தானாக உருவாகும்.

அடுத்து என்ன செய்யலாம்?

2015-ல் தொடங்கப்பட்ட பொலிவுறு நகரங்கள் திட்டத்தின் கீழ் 100 நகரங்களில் ஒருங்கிணைந்த கட்டளை மற்றும் கட்டுப்பாட்டு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. கேமராக்களும் தகவல் இணைப்புகளும் உள்ள இந்த நகரங்களில், சிக்னல் நேரத் தரவுகளைப் பொதுவான வடிவத்தில் வெளியிட்டால், எந்தச் செயலியும் அவற்றைப் பயன்படுத்தி வேக அறிவுரை வழங்க இயலும்.

ஆனால் நாட்டின் பெரும்பான்மையான ஓட்டுநர்கள் இருசக்கர வாகனங்களில் செல்பவர்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே கைபேசித் திரையைப் பார்ப்பது அவர்களுக்கு ஆபத்தானது. அவர்களுக்குப் பொருந்துவது, டுசெல்டார்ஃப் நகரம் 1950-களில் பயன்படுத்திய எளிய வழிதான். சாலையோரத்தில், சந்திப்புக்கு 300 மீட்டர் முன்னால், 'இந்தச் சாலையில் சிக்னல்கள் மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்துக்கு ஒருங்கிணைக்கப்பட்டுள்ளன' என்று அறிவிக்கும் ஒரு பலகை போதுமானது. விலையுயர்ந்த கார் வைத்திருப்பவருக்கும் மொபெட்டில் செல்பவருக்கும் அது ஒரே தகவலைத் தரும்.

அத்தகைய பலகை வரும் வரை, சிக்னல்கள் ஒருங்கிணைக்கப்பட்ட சாலைகளில் தினமும் செல்பவர்கள் தாங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிவப்பு விளக்கு தொலைவில் தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வாகனத்தைத் தானாக நகரவிட்டால், பல நேரங்களில் சந்திப்பை நெருங்கும்போது விளக்கு பச்சையாகியிருக்கும். சீறிச் சென்று முன்னால் நின்றவரை, நிற்காமல் வந்தவர் அமைதியாகக் கடந்து செல்வதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல, விநாடிகளின் கணக்குதான்.